திரை போட்ட மலை

முருகன் துணை.

1

எனக்கு அறுபது முடிந்தது. ஆனி மாதம் என் நட்சத்திரத்தன்று, பாரீசுக்குப் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் ஊரில், வாடகைக்கு எடுத்த கூடத்தில் கோமதிக்கு மறுபடியும் தாலி கட்டினேன். பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன் வந்து வேட்டி புடவை வைத்துக் கொடுத்தால்தான் அந்தச் சடங்கு நிறையும். அதனால் நம் ஊர் உப்பளம் பகுதியிலிருந்து கோமதியின் தம்பி தணிகாசலத்தை வரவழைத்தோம்.

வரவழைத்தோம் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். அதற்கு நான் மேரிக்கு நடந்த நடை எனக்குத்தான் தெரியும். நம் ஊரில் மேரி என்றால் கடற்கரையில் வெள்ளையாக நிற்கிற அந்த நகராட்சிக் கட்டடம். இங்கே ஊருக்கு ஊர் மேரி உண்டு. விருந்தாளி வந்து தங்குகிறான் என்று அங்கே எழுதிக் கொடுத்தால்தான் விசா. என் மச்சான், என் வீட்டில் படுக்கப்போகிறான், அதற்கு வீடு எத்தனை சதுர மீட்டர் என்று கேட்டாள் அங்கே இருந்த பெண். முப்பது வருஷமாகக் குடியிருக்கிற வீடு. எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்து அளந்துகொண்டு போனேன்.

தணிகாசலம் மில்லில் வேலை பார்த்தவன். மில் மூடிய பிறகு உப்பளத்தில் சின்னதாக சைக்கிள், மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். பெரிய பக்திமான். அவனுடைய ஒரே மகளுக்குக் கல்யாணமாகி வெகுநாள் குழந்தை நிற்கவில்லை. அதற்காக மாதாமாதம் கிருத்திகைக்கு மயிலம் மலையை வெறுங்காலோடு ஏறுவதாக வேண்டிக்கொண்டான். ஒரு தடவை நின்றது. அந்த மாதம் தணிகாசலம் விஷக் காய்ச்சலில் படுத்துவிட்டான், மயிலத்துக்குப் போக முடியவில்லை. அதே மாதம் கலைந்துபோனது. டாக்டர் அதற்கு வேறு காரணம் சொன்னார். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான்.

இப்போது மகள் மறுபடி முழுகாமல் இருக்கிறாள். இவன் இங்கே எங்களோடு இருக்கிற நாட்களுக்குள் ஆடிக் கிருத்திகை வருகிறது. விமானத்திலிருந்து இறங்கி, காரில் பெட்டியை வைத்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இங்க மலை எங்க கீது?"

2

மலை எங்கள் பெண் மாலினி இருக்கும் ஊரில் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையின் அடிவாரத்தில் ஓர் ஊர். அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. முப்பதாகப் போகிறது, கல்யாணப் பேச்சை எடுத்தால் போனில் சிக்னல் போய்விடும். வாரக் கடைசியானால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் போகிறவள், புதுசாக வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போகிற அளவுக்குப் பழகியிருக்கிறாள். எங்களோடு தமிழில்தான் பேசுவாள். ஆனால் வயதானவர்களிடம் சத்தமாகவும் மெதுவாகவும் பேசுவோமே, அப்படிப் பேசுவாள். கோமதிக்கு அதில் வருத்தம்.

என் அறுபதுக்குப் பரிசாக அப்பாவையும் மாமாவையும் மலைக்குக் கூட்டிப்போகிறேன், கூடாரம் போட்டுத் தங்கலாம் என்றாள் மாலினி. கோமதி முழங்காலைக் காட்டித் தப்பித்துக்கொண்டாள். நாள் எது என்று தணிகாசலம் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னான்.

பிள்ளைகளைப் பார்க்க நம் ஊரிலிருந்து இங்கே வருகிறவர்கள் இப்போது நிறைய. ஈபிள் கோபுரம் பார்த்து முடித்ததும் பிள்ளைகள் நம்மைக் காட்டுக்குத்தான் இழுத்துக்கொண்டு போகிறார்கள். நமக்கு நடை என்றால் கடற்கரைச் சாலையில் காந்தி சிலை வரைக்கும் போய்த் திரும்பி வருவது. அப்படி வருகிறவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். நான் படித்தவன் இல்லை. பட்டதைச் சொல்கிறேன்.

பூட்ஸ் புதுசாக வாங்கி நேரே மலைக்குப் போட்டுப் போகாதீர்கள். வாங்கி இரண்டு வாரம் வீட்டுக்குள்ளும் கடைத்தெருவுக்கும் போட்டு நடக்க வேண்டும். சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் கொஞ்சம் வீங்கி அதன் நிஜ அளவில் இருக்கும். இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கும், அதற்கு இடம் விட்டு வாங்க வேண்டும். பருத்தி பனியன் வேண்டாம். வியர்வையில் நனைந்தால் காயாது, மேலே காற்றடித்தால் அதுவே ஜுரத்தைக் கொண்டுவரும். மெல்லிசாக இரண்டு மூன்று உடுப்பு, ஒன்றின் மேல் ஒன்று. ஏறும்போது கழற்றணும், நின்றால் போட்டுக்கணும். நிற்கும்போது குளிரவில்லையே என்று சும்மா இருந்தால் அப்புறம் குளிர் உள்ளே இறங்கிவிடும்.

தணிகாசலத்துக்கும் பூட்ஸ் வாங்கினோம். கடைக்காரப் பையன் கீழே குந்தி அவன் காலைப் பிடித்து அளவு பார்த்தபோது கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொண்டான். வீட்டில் அதைப் பளபளவென்று துடைத்துப் பெட்டி மேல் வைத்தான். போட்டு நடந்து பழகவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

3

மாலினி சின்னப் பிள்ளையாக இருந்தபோது இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவுக்கு ஊருக்குப் போவோம். வீராம்பட்டினம் தேருக்கு ஒரு நாள், மயிலத்துக்கு ஒரு நாள். அது தணிகாசலத்தின் பொறுப்பு. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவளை மடியில் வைத்துக்கொண்டு வருவான்.

ஒரு தடவை மயிலத்தில் அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்குத் திரை போட்டுவிட்டார்கள். கூட்டம் நெரிந்தது, வியர்வை. மாலினிக்கு ஐந்தாறு வயது இருக்கும். உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெரியணும் அவளுக்கு. கம்பிக்குக் கீழே குனிந்துபோய்த் திரையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கப்பார்த்தாள். தணிகாசலம் எட்டி இழுத்து அவள் கையில் ஒரு தட்டுத் தட்டினான். "திரை போட்டா யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. சாமியா பாத்து எடுக்கச் சொல்வாரு, அப்பதான்" என்றான். அவள் அழுது, பிரெஞ்சில் அவனைத் திட்டினாள். என்ன சொல்றா என்று அவன் கேட்டான். உன்னை ரொம்பப் பிடிக்குதாம் என்று சொல்லி வைத்தேன்.

இதை இங்கே எழுத ஒரு காரணம் இருக்கிறது.

4

மலைக்கு முந்தின நாள் ஏரிக்கரையில் தங்கினோம். கூடாரம் அடிப்பதற்கென்று விட்ட இடம் அது. பள்ளமான இடம் மெத்தென்று இருக்கிறது என்று நான் மூட்டையை வைத்தேன். மழை பெய்தால் தண்ணீர் இங்கேதான் வந்து தேங்கும்பா என்று மாலினி மேட்டுக்கு மாற்றினாள். தனியாக நிற்கிற மரத்தடியிலும் கூடாது, காய்ந்த ஓடைக்குள்ளும் கூடாது. தலைமாடு மேட்டுப் பக்கம் இருக்கணும். கீழே விரிக்கிற பாய் கனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் குளிர் மேலிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறுகிறது. இது எனக்குப் புதுச் சேதி.

சாயங்காலம் துடுப்புப் படகில் போனோம். மிதவைச் சட்டை போடச் சொன்னாள். தணிகாசலம் மாட்டேன் என்றான். வீராம்பட்டினத்தில் சிநேகிதனோடு கட்டுமரத்தில் போனவன், கடலோரத்தில் பிறந்தவன், குளத்துக்குச் சட்டையா என்று சிரித்தான். மாலினி வாதம் பண்ணவில்லை. "கைய தண்ணியில வைங்க மாமா. நான் சொல்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்றாள். வைத்தான். பனி உருகி வந்த தண்ணீர். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மாறியது. அவள் சொல்வதற்கு முன்னால் எடுத்துவிட்டான்.

"அங்க விழுந்தா நீந்தலாம். இங்க விழுந்தா முதல்ல மூச்சு அடைக்கும். அப்புறம்தான் நீச்சல்."

"உன் பொண்ணு வாத்தியாரம்மா மாதிரி பேசுது மாமா" என்று என்னிடம் சொல்லிவிட்டுச் சட்டையை வாங்கி மாட்டினான். அதோடு ஒரு போட்டோவும் எடுக்கச் சொன்னான். கடைக்கு வருகிறவர்களுக்குக் காட்டணுமாம்.

கற்பூரத்தை அவன் வெளியே எடுத்தபோதுதான் சங்கடம். வெயில் காலத்தில் இங்கே காட்டில் நெருப்பு மூட்டக் கூடாது, சிகரெட்கூடப் பற்ற வைக்கக் கூடாது என்று பலகை போட்டிருக்கிறார்கள். ஒரு வில்லைதான் பாப்பா என்றான். ஒரு வில்லையும் நெருப்புதான் மாமா என்றாள். அவன் டப்பாவை மூடினான். வேண்டுதல் நெருப்பு கேட்கவில்லை, காலைத்தான் கேட்கிறது, விபூதி போதும் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

5

மறுநாள் கிருத்திகை. விடியும் முன் எழுந்து தணிகாசலம் ஏரித் தண்ணீரில் குளித்தான். நான் முகம் மட்டும் கழுவினேன், முருகன் என் வயசைப் பார்த்து விட்டுவிடுவார் என்று. மாலினி வரைபடத்தை விரித்துக் காட்டினாள். இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு கணவாய், அதுதான் நாங்கள் போய்ச் சேர வேண்டிய இடம். எந்த வழியாகப் போகிறோம், எப்போது இறங்குவோம் என்று தன் தோழிக்குச் செய்தி அனுப்பினாள். அப்புறம் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள். சாயங்காலம் இடி வரும் என்று வானிலை அறிக்கையில் போட்டிருக்கிறான். இரண்டு மணிக்கு எங்கே நின்றாலும் சரி, அங்கிருந்து திரும்ப வேண்டும். மலையில் முதல் விதி அது.

தணிகாசலம் சரி என்றான். அவனுக்கு அது காதில் விழுந்ததா, மனசில் விழுந்ததா என்று தெரியவில்லை.

தரிசனம் முடியும் வரை சாப்பிட மாட்டேன் என்று அடுத்த பிரச்சினை. பசித்த பிறகு சாப்பிட்டால் மலையில் அது லேட், தாகம் எடுக்கும் முன்பே குடிக்கணும் என்று மாலினி சொல்கிறாள். இவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். விரதத்துக்குப் பழமும் பாலும் ஆகும் என்று நான் நடுவில் புகுந்து, பேரீச்சம்பழத்தைக் கையில் திணித்தேன். விரதம் இருக்கிறவர்கள் கூடிய மட்டும் வேறு நாளில் மலை ஏறுங்கள். முடியாதென்றால் பழமாவது பையில் இருக்கட்டும்.

வழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் போன்ழூர் என்று வணக்கம் சொன்னார்கள். பாரீசில் பக்கத்து வீட்டுக்காரர் லிப்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அதே ஜனங்கள்தான், மலையில் வேறு ஆளாகிவிடுகிறார்கள். தணிகாசலம் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி வணக்கம் போட்டான். இரண்டு பேர் திருப்பிக் கும்பிட்டார்கள்.

புல்தரை முடியும் இடத்தில் அவன் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். இரண்டு நாடாவையும் முடிந்து கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொண்டான். மாலினி என்னைப் பார்த்தாள். வெறுங்காலோடு ஏறுவது அவர் வழக்கம் என்றேன். ஏன், எதற்கு என்று முழுசாகச் சொல்லவில்லை. பெண் பிள்ளையிடம் அந்தப் பேச்சு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

மயிலத்துப் படிகள் காலங்காலமாகக் கால்பட்டு வழவழப்பானவை. இங்கே கல் உடைந்த கல். கொஞ்ச தூரத்திலேயே குதிகால் கிழிந்தது. மாலினி உட்கார வைத்து, கழுவி, மருந்து போட்டு, பட்டை ஒட்டினாள். ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு நோயாளிக்குச் செய்வதுபோலப் பேசாமல் செய்தாள். பூட்ஸ் போடுங்க மாமா என்று மட்டும் கேட்டாள். போடவில்லை. அதற்கப்புறம் எங்கள் நடை ஆமை நடை.

இரண்டு மணிக்கு நாங்கள் கணவாய்க்குக் கீழே நின்றோம். மேலே, கல் குவித்த இடத்தில், வழிகாட்டி மரம் ஒன்று நட்டிருந்தது தெளிவாகத் தெரிந்தது. வேல் நட்ட மாதிரி இருக்குது என்று தணிகாசலம் கைகூப்பினான். அதற்குப் பின்னால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மாமா, திரும்பணும்" என்றாள் மாலினி.

"இதோ தெரியுதே பாப்பா. ஒரு எட்டு."

"இடி வந்தா முதல்ல அங்கதான் விழும். அந்த மரத்து மேலதான்."

அவன் என் பக்கம் திரும்பினான். "மாமா, நீ சொல்லு. இவ்ளோ தூரம் வந்துட்டு, கண்ணுக்கு எதுக்க வச்சிக்கினு எறங்கறதா? போன தபா வுட்டேன். இன்னா ஆச்சின்னு உனக்குத் தெரியும்."

எனக்குத் தெரியும். மாலினிக்குத் தெரியாது. அப்போது சொன்னேன். அவளுடைய மாமன் மகள் இழந்தது, இப்போது சுமப்பது, நடுவில் இவன் ஏறாமல் விட்ட ஒரு கிருத்திகை. நின்றபடியே நாலு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. சொல்லும்போது என் காலும் மலைப் பக்கம் பார்த்துத்தான் நின்றது, அதையும் எழுதிவிடுகிறேன். மகள் சொல்வது சரி என்று புத்திக்குத் தெரிகிறது. வேண்டுதலைப் பாதியில் விட்டுத் திரும்புகிறவனைக் கோயில் வாசலில் நான் பார்த்ததே இல்லை.

மாலினி டாக்டர் பேச்சுப் பேசுவாள் என்று நினைத்தேன். பேசவில்லை. மேலே பார்த்துக்கொண்டு நின்றாள். நாங்கள் பார்க்கப் பார்க்க மேகம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏறி, கணவாயில் வழிந்து, முதலில் கல் குவியலையும் அப்புறம் அந்த மரத்தையும் மூடியது. ஒன்றும் தெரியவில்லை.

"மாமா," என்றாள். "திரை போட்டுட்டாங்க."

தணிகாசலம் அவளைப் பார்த்தான்.

"திரை போட்டா யாரும் எட்டிப் பாக்கக் கூடாது. நீங்கதான சொன்னீங்க. கையில அடிச்சிக்கூட சொன்னீங்க."

"திரை எடுக்கற வரைக்கும் கோயில்ல நிப்போம்ல" என்றான். குரல் இறங்கியிருந்தது.

"நிக்கலாம் மாமா. வாசல்ல போய் நிக்கலாம். வாங்க."

எங்கேயோ தூரத்தில் உருட்டுகிற சத்தம் கேட்டது. தணிகாசலம் விபூதிப் பொட்டலத்தை எடுத்து, பக்கத்தில் இருந்த கல்லில் மூன்று விரலால் பட்டை இட்டான். எனக்கு இட்டான். மாலினி நெற்றியைக் காட்டினாள், அவளுக்கும் இட்டான். பொறுத்துக்கோ முருகா என்று கல்லைப் பார்த்துச் சொன்னான். அப்புறம் உட்கார்ந்து, கழுத்திலிருந்து பூட்ஸை இறக்கிப் போட்டுக்கொண்டான். நாடா கட்டத் தெரியவில்லை. மாலினி குந்தி உட்கார்ந்து கட்டிவிட்டாள். அவள் கையிலிருந்து அவன் காலை இழுக்கவில்லை.

6

ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும். கைத்தடி இரண்டையும் கொஞ்சம் நீட்டி வைத்து, முன்னால் ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். இடிக்கும்போது முகட்டில் நிற்கக் கூடாது, கூட்டமாகவும் நிற்கக் கூடாது, ஆளுக்கு ஆள் இடைவெளி விட வேண்டும். உலோகக் கைத்தடியைத் தள்ளி வைத்துவிட வேண்டும். ஆபத்து என்றால் 112 அடியுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் எந்த இடம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

பாதி வழியில் ஆட்டுக்காரர்கள் ஒதுங்கும் கல் குடிசை ஒன்று உண்டு. உள்ளே போகவும் ஆலங்கட்டி கொட்டவும் சரியாக இருந்தது. மலை உச்சியில் மின்னல் வரிசையாக இறங்கியது. தணிகாசலம் மட்டும் வாசல்படியில், உள்ளே வராமல், மலையைப் பார்த்துக் கைகூப்பி நின்றான். சாரல் மேலே அடித்தது. ரொம்ப நேரம் நின்றான். அன்றைக்கு மேகம் விலகவே இல்லை. கடைசியில் மாலினி போய்ப் பேரீச்சம்பழத்தை அவன் வாய்க்குப் பக்கத்தில் நீட்டினாள். சாப்பிட்டான்.

ஊருக்குத் திரும்பிப் போனவன் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று ஒரு கிருத்திகை விடாமல் மயிலம் ஏறினான். ஆனால் போனில் பேசும்போதெல்லாம் அந்த ஆடி மாதத்தைச் சுற்றித்தான் வருவான். அது கணக்கில் சேருமா மாமா என்பான். சேரும் என்பேன். நான் யார் சொல்வதற்கு. காலை விளக்கேற்றும்போது நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன். மாலினி முன்னெல்லாம் மாதம் ஒரு தடவை போன் பண்ணுவாள். அதிலிருந்து வாரம் தவறாமல் போன் வந்தது. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டு, மாமா வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்பாள். என்ன சரியா என்று விரித்துக் கேட்க மாட்டாள்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். இதை ஆடி மாதத்தோடு முடிச்சுப் போட நான் வரவில்லை. டாக்டர் அம்மாவின் கைராசி என்று சம்பந்தி வீட்டில் சொல்கிறார்கள், அப்படியும் இருக்கட்டும்.

போன வாரம் தணிகாசலம் போட்டோ அனுப்பினான். மயிலத்தில் மொட்டை அடித்துக்கொண்டு, சந்தனம் பூசிய தலையோடு நிற்கிறான். காலில் அந்த பூட்ஸ். கோயிலுக்கு வெளியேதான், பஸ் ஸ்டாண்டில். கீழே ஒரு குரல் செய்தி. "மாமா, இங்க முடிஞ்சிது. அங்க ஒண்ணு நிக்குது. அந்த மலையில திரைய எடுத்துட்டாங்களான்னு பாப்பாவ கேட்டுச் சொல்லு."

அதை அப்படியே மாலினிக்கு அனுப்பினேன். பதில் அரை நாள் கழித்து வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாள். இப்ப பனி மூடிடுச்சுப்பா. ஆனி மாசம் வரைக்கும் நடை திறக்க மாட்டாங்கன்னு மாமாகிட்ட சொல்லு. திறந்ததும் போலாம், ஆனா பூட்ஸ் போட்டு.

ஜூன் என்று எழுதவில்லை, ஆனி என்றே எழுதியிருந்தாள். கோமதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மறுபடி படித்தாள்.

தணிகாசலத்துக்காக நாளைக்கு நான் மறுபடி மேரிக்குப் போக வேண்டும். எத்தனை சதுர மீட்டர் என்று இந்தத் தடவை அந்தப் பெண் கேட்க வேண்டியதில்லை.